வடிவு ஏசாத நாட்கள்

ஜூன் 16, ஞாயிறு

இலஞ்சியில் நாத்தனார் பேரனுக்குக் கல்யாணம். நான், மகன் குத்தாலிங்கம், மருமகள் வடிவு, மூன்று பேரும் போனோம். நல்ல சாரல். மண்டபத்தில் எல்லாரும் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு பந்தியில் உட்கார்ந்திருந்தோம். சாம்பார் ஊற்றுகிற ஆள் என் இலையை முடித்து வடிவு இலைக்கு வந்தான். அவள் இலையைப் பார்க்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்தாள். சட்டென்று எழுந்து வாளியை வாங்கிக் கீழே வைத்தாள்.

"அண்ணாச்சி, இப்படி உக்காருங்க. இடது கை வலிக்கா?"

"ஆமா தாயி. வாளி தூக்கினதுல..."

"வாளி வலது கையிலல்லா இருந்துச்சு."

எச்சில் கையோடு அவனைத் தாங்கிப் பிடித்து ஆட்டோவில் ஏற்றி, கூட ஓர் ஆளையும் அனுப்பிவிட்டுத்தான் வந்தாள். நல்ல காரியம் நடக்கிற இடத்தில் இதென்ன என்று பெண் வீட்டார் முகத்தைச் சுளித்தார்கள். சாயங்காலம் தகவல் வந்தது. மாரடைப்பாம். சமயத்தில் கொண்டுபோனதால் பிழைத்தானாம். இப்போது எல்லாரும் வடிவைக் கொண்டாடுகிறார்கள்.

அந்தக் குளிரில் அவனுக்கு மட்டும் நெற்றி வேர்த்திருந்ததாம், அதைப் பார்த்தாளாம். அவன் எனக்கும்தான் ஊற்றினான். நான் பார்த்தது சாம்பாரில் முருங்கைக்காய் கிடக்கிறதா என்பதை. மனுஷர் அப்படித்தானே பார்ப்பார்கள்?

வந்த நாளிலிருந்தே இவள் கண் அப்படி. ஆஸ்பத்திரி நர்ஸ் வேண்டாம் என்று நான் தலைப்பாடாக அடித்துக்கொண்டேன், யார் கேட்டார்கள்? தாலி கட்டி முடிந்து என் காலைத் தொட்டுக் கும்பிடக் குனிந்தவள், கட்டைவிரலால் என் கணுக்காலுக்கு மேலே ஓர் அழுத்து அழுத்தினாள். விரலை எடுத்துவிட்டுக் குழி விழுகிறதா என்று பார்த்தாள். "கால் வீங்கியிருக்கே அத்தே, உப்பக் கொறைக்கணும்" என்றாள். நான் ஆசீர்வாதம் சொல்ல வாயைத் திறந்தபடி நிற்கிறேன். அட்சதை என் கையிலேயே இருந்தது. சம்பந்தி வீட்டுக் கூட்டம் மொத்தமும் பார்த்தது. பேத்தி பிறந்து, வளர்ந்து, காலேஜுக்கும் போய்விட்டாள். நான் மறக்கவில்லை.

ஜூன் 18, செவ்வாய்

துணி காயவில்லை. வீடு முழுக்கக் கொடி கட்டி, ஈரச் சேலைக்கு நடுவே நுழைந்து நுழைந்து நடக்க வேண்டியிருக்கிறது.

காலையில் வடிவு ஏசினாள். குளிமுறியில் சோப்புத் தண்ணீரை விட்டுவிட்டு வந்தேனாம். "விழுந்து இடுப்பு ஒடிஞ்சா யாரு பாக்க? வார்டுல கெடக்கது போதாதா எனக்கு?" மத்தியானம் நார்த்தங்காய் ஊறுகாய்ப் பாட்டிலைப் பிடுங்கினாள். "பிரஷர் மாத்திரையும் முழுங்குவீங்க, உப்புல ஊறுனதையும் முழுங்குவீங்க. மாத்திரை எந்தப் பக்கம் போவும் பாவம்?" நானும் விடவில்லை. "உங்க அம்மை வீட்டுல உப்புன்னா என்னன்னே தெரியாது" என்றேன். கதவு சாத்துகிற சத்தத்தில் காலண்டர் விழுந்தது.

எழுத்து கோணலாக வருகிறது. நான் ஐந்தாவதோடு நின்றவள். அதற்குப் பிறகு பேனா பிடித்த கை இல்லை, பீடி சுற்றின கை.

குற்றாலத்தில் தண்ணீர் விழுவதால் மினி பஸ்ஸில் கூட்டம் தாங்கவில்லையாம். குத்தாலிங்கம் கண்டக்டர் அல்லவா, ஊர்ப் பெயரைக் கத்திக் கத்தித் தொண்டை கட்டிக் கிடக்கிறது. சித்திரையில் கட்டினது. சாரல் காற்று வேறு.

ஜூன் 23, ஞாயிறு

மனசு சரியில்லை. நடந்ததை எழுதிவிடுகிறேன்.

மத்தியானம் மீன் குழம்பு. நானும் மகனும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தோம். சின்னப் பிள்ளையிலிருந்து அவன் என் இடது பக்கத்தில்தான் உட்காருவான். அந்த இடத்தைக் கல்யாணத்துக்குப் பிறகும் நான் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. வடிவு எதிரே நின்று பரிமாறினாள்.

குழம்புக் கரண்டி அவள் கையில் அப்படியே நின்றது. எங்கள் பக்கம் பார்த்தாள். முகத்தை அல்ல, தொண்டையை. நான் ஒரு வாய் விழுங்கினேன். அவள் கண் அசையவில்லை. குத்தாலிங்கம் ஏதோ சொல்ல வந்து, சத்தம் வராமல் கனைத்து, தண்ணீர் குடித்தான். அவள் கண் அசையவில்லை. நான் மறுபடி விழுங்கினேன். கரண்டியிலிருந்து குழம்பு சொட்டித் தரையில் விழுந்தது. ஒரு பொட்டு சிந்தினால் தெருவைக் கூட்டுகிறவள் அதைக் கவனிக்கவே இல்லை.

"என்னட்டி அப்படிப் பாக்க?"

"ஒண்ணுமில்ல அத்தே. இன்னொரு துண்டு வைக்கட்டா? முள்ளு எடுத்துத் தாரேன்."

முள் எடுத்துத் தருகிறாளாம். இத்தனை வருஷத்தில் என் இலையில் முள் இருந்ததா கல் இருந்ததா என்று கேட்டவள் இல்லை.

சாம்பார் வாளிக்காரனைப் பார்த்தாளே, அதே பார்வை.

ஜூன் 24, திங்கள்

அவள் கண் முன்னாலேயே ஊறுகாய்ப் பாட்டிலைத் திறந்து எடுத்துத் தின்றேன். ஒன்றும் சொல்லவில்லை.

ஜூன் 27, வியாழன்

கண்ணாடி முன்னால் நின்று தொண்டையைத் தடவித் தடவிப் பார்த்தேன். ஒரு பக்கம் கொஞ்சம் தடிப்பாக இருப்பது போலத்தான் இருக்கிறது. வாயைத் திறந்து பார்த்தால் இருட்டாக இருக்கிறது.

இவள் குரலை எனக்குத் தெரியும். என் வீட்டுக்காரர் நன்றாக நடமாடிக்கொண்டிருந்தபோதே அது மாறியது. அதுவரை "மாமா, செருப்ப வெளிய விடுங்க, எத்தன தடவ சொல்லுதது" என்று விரட்டினவள், திடீரென்று ஒரு நாள் "அங்கனயே போடுங்க மாமா, நான் எடுத்து வைக்கேன்" என்றாள். மருமகள் திருந்திவிட்டாள் என்று மனுஷர் தெருவெல்லாம் சொல்லிச் சந்தோஷப்பட்டார். அந்த மழைக்காலம் முடியுமுன்னே போய்ச் சேர்ந்தார். ஈரல் என்றார்கள். அவர் கண்ணின் வெள்ளையில் மஞ்சள் ஏறுவதை எங்களுக்கெல்லாம் முன்னால் இவள் பார்த்துவிட்டாள். பார்த்த அன்றைக்குத்தான் குரல் இனித்தது.

இவள் ஏசுகிற வரைக்கும் ஆளுக்கு ஆயுள் உண்டு. இனிக்கப் பேசினால்தான் பயப்பட வேண்டும்.

இன்று என்னிடம் கேட்டாள்: "அத்தே, வெந்நி வச்சுத் தரட்டா?"

ஜூன் 30, ஞாயிறு

சோதித்துப் பார்த்துவிடுவது என்று குளிமுறித் தரையில் வேண்டுமென்றே சோப்புத் தண்ணீரை விட்டேன். துடைத்துவிட்டுப் போனாள். ஈரத் துணியை அவள் இஸ்திரி போட்ட வெள்ளைச் சேலை மேல் போட்டேன். எடுத்துக் கொடியில் போட்டாள்.

கடைசியில் அவள் அம்மாவைத் தொட்டேன். அதற்கு எப்போதும் தப்பாமல் பதில் வரும்.

"உங்க அம்மை வீட்டுல சோறு வடிக்கவா சொல்லிக்குடுத்தாங்க? ஒரு வாரமா நீ பொங்குதது சோறா கஞ்சியா?"

"ஆமா அத்தே. கொழஞ்சுதான் போச்சு. முழுங்க லேசா இருக்கும்லா."

என் தொண்டைக்காகக் குழைய வைக்கிறாள். குத்தாலிங்கம் வாயே திறக்காமல் சாப்பிட்டுவிட்டு எழுந்தான். அம்மாவுக்காக அவனும் அந்தக் குழைசலைத் தின்கிறான், பாவம். முன்பெல்லாம் சோறு விறைப்பாக இல்லாவிட்டால் தட்டை நகர்த்துவான்.

சாயங்காலம் பேத்தி ஹாஸ்டலிலிருந்து பேசினாள். "ஆச்சி, உனக்கும் அம்மைக்கும் ஏதும் பிரச்சினையா?"

"ஏண்டி?"

"ஒரு வாரமா அம்மை போன்ல ஒன்னப் பத்திக் கொறையே சொல்லல. எனக்குப் பயமா இருக்கு."

உனக்கே பயமாக இருந்தால் எனக்கு எப்படி இருக்கும்.

ஜூலை 3, புதன்

சொல்லிவிட்டாள். மகன் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, அடுக்களையிலிருந்தே, ரொம்பச் சாதாரணமாக.

"இந்தாங்க, வெள்ளிக்கிழமை லீவு போடுங்க. அத்தைக்குத் தொண்டையக் காட்டணும். அன்னைக்குத்தான் தொண்டை டாக்டர் வாரார்."

"எம்மைக்கு என்ன?" குரல் தகரத்தைத் தேய்த்த மாதிரி வந்தது.

"வயசாவுதுல்லா, ஒரு பார்வை பாத்துருவோம். எனக்கு டூட்டி இருக்கு. நீங்கதான் கூட்டிட்டு வரணும்."

"ஏட்டி, சீசன் நேரம். முதலாளி கத்துவாரு."

"எம்மைய விட முதலாளி பெருசான்னு அவர்ட்டயே கேளுங்க."

அவன் என்னைப் பார்த்தான். நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஆஸ்பத்திரி வாசலை மிதிக்க மாட்டேன் என்கிறவன்தான், காய்ச்சல் வந்தால்கூடச் சுக்கைத் தட்டிப் போட்டுக் குடித்துவிட்டு பஸ்ஸில் ஏறுகிறவன். எனக்காக என்றதும் சரி என்றுவிட்டான். என் பிள்ளை.

ஜூலை 4, வியாழன்

நாளைக்கு என்ன சொல்வார்களோ. இன்றைக்கே சில விஷயங்களை எழுதி வைக்கிறேன்.

நான் போனால் என் தம்பி வீட்டுக் கோடிச் சேலையை என் மேல் போடக் கூடாது. தம்பி பெண்டாட்டி என் மகன் காதுகுத்துக்கு வந்து, பந்தியில் அப்பளம் நமுத்திருக்கிறது என்று சொன்னவள். இலஞ்சி நாத்தனார் வந்தால் அழ விடலாம், ஆனால் தலைமாட்டில் உட்கார விடக் கூடாது. எதிர்வீட்டுக்காரி என் வாசல் கோலத்தில் சைக்கிளை விட்டவள், அவள் வரவே வேண்டாம்.

வடிவைப் பற்றி என்ன எழுதுவது என்று தெரியவில்லை. அவள் எப்படியும் கிட்டத்தில்தான் நிற்பாள்.

ஜூலை 5, வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலையில் குத்தாலிங்கம் என்னை ஆட்டோவில் கூட்டிப்போனான். வழியெல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தான். "ஒண்ணும் இருக்காதும்மா" என்றான், காற்று மட்டும்தான் வந்தது. வடிவு வெள்ளைச் சேலையில் வாசலில் நின்றாள். வீட்டில் பார்க்கிற ஆள் இல்லை. முதுகு நிமிர்ந்து, முகத்தில் ஒன்றுமே எழுதாமல்.

டாக்டர் சின்ன வயசுக்காரர். என்னை உயரமான நாற்காலியில் உட்கார வைத்து, நாக்கைத் துணியால் பிடித்து இழுத்து, வெளிச்சம் வைத்த கம்பியை உள்ளே விட்டார். குமட்டிக்கொண்டு வந்தது. பக்கத்தில் இருந்த டிவியில் என் தொண்டை தெரிந்ததாம். நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு உலகம்மனைக் கூப்பிட்டேன்.

"ஆச்சிக்கு ஒண்ணுமே இல்ல. நல்ல சுத்தமான தொண்டை."

கண்ணைத் திறந்தேன். வடிவு முகத்தைப் பார்த்தேன். பாரம் இறங்கின முகம் இல்லை அது. அவள் என்னைப் பார்க்கவும் இல்லை.

டாக்டர் குத்தாலிங்கத்தைப் பார்த்துச் சிரித்தார். "நீங்க பேசுறதக் கேட்டேன். குரல் கட்டியிருக்கே. வந்ததே வந்துட்டீங்க, ஒரு நிமிஷம் உக்காருங்க. ஆச்சியே பயப்படாம உக்காந்தாங்க."

"எனக்கு எதுக்கு சார்? நான் தொணைக்கு வந்தவன்."

"சும்மா உக்காருங்க" என்றாள் வடிவு. அந்தக் குரல். என் வீட்டுக்காரருக்குக் கேட்ட குரல்.

அவன் உட்கார்ந்தான். நாற்காலியின் முதுகை வடிவு ஒரு கையால் பிடித்திருந்தாள். பிடித்த இடத்தில் விரல்கள் வெளுத்துப் போயிருந்தன. இரண்டு வாரமாக நான் என் தொண்டையைத் தடவிக்கொண்டிருந்தேன். அவள் பார்த்தது என் இடது பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனை.

டாக்டர் ரொம்ப நேரம் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

"பீடி, சிகரெட் உண்டா?"

அவன் என் முகத்தைப் பார்த்தான். நான் முந்திக்கொண்டேன். "எம் பிள்ளைக்கு அந்தப் பழக்கமெல்லாம் கெடையாது ஐயா."

"உண்டு சார்," என்றாள் வடிவு. "பள்ளிக்கூடத்துல படிக்கும்போதே ஆரம்பிச்சது. வீட்டுல பீடித் தட்டு இருந்த காலத்துலருந்து."

நான் சன்னலுக்கு வெளியே பார்த்தேன். ஒரு வேப்பமரம் சாரலில் நனைந்துகொண்டு நின்றது.

உள்ளே ஒரு வளர்த்தி இருக்கிறதாம். துளி சதை எடுத்துப் பார்த்தால்தான் என்னவென்று சொல்ல முடியுமாம். திருநெல்வேலிக்குப் போக வேண்டும்.

ஜூலை 6, சனி

கோபம் கோபமாக வருகிறது. என்னைத் தூண்டில் புழுவாக மாட்டியிருக்கிறாள். மாமியாரைச் சாகப்போகிறவள் மாதிரி நடத்தி மகனை ஆஸ்பத்திரிக்கு இழுத்திருக்கிறாள். முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தவள் முன்னால் போய் உட்கார்ந்து கேட்டேவிட்டேன்.

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா?"

"சொன்னா ஒங்க மூஞ்சியப் பாத்தே கண்டுபிடிச்சிருவாக அத்தே. பெறகு எந்த வண்டி வச்சு இழுத்தாலும் வர மாட்டாக."

அது நிஜம். அதனால் இன்னும் கோபம் வந்தது.

"நீயா நெனச்சுக்கிட்டுப் பாத்தா எல்லாரும் நோயாளிதான். கல்யாண வீட்டுல பாக்க, மீன் திங்கும்போது பாக்க. மனுஷரப் பாக்கத் தெரியாதாட்டி ஒனக்கு?"

கீரையை உருவுவதை நிறுத்திவிட்டாள்.

"படிக்கப் போன புதுசுல எங்க சிஸ்டர் வார்டு வாசல்ல நிப்பாட்டி வைப்பாங்க. உள்ள போயி ஒரு சுத்து சுத்திட்டு வா, யாரையும் தொடாத, ஒண்ணும் கேக்காத, வந்து யாரு மோசமா இருக்கான்னு மட்டும் சொல்லும்பாங்க. மொதல்ல எனக்கு ஒண்ணும் தெரியல. எல்லாரும் படுத்துக் கெடந்தாங்க, அவ்வளவுதான். ஏச்சு வாங்கி வாங்கி ஒரு நாளு தெரிஞ்சிட்டு. அதுக்குப் பெறகு தெரியாம இருக்க முடியல அத்தே. பஸ்ல ஏறுனா ஏறுதவன் மூச்சக் கேக்கேன். வளையல் போடுதவ கையப் புடிச்சா நரம்புதான் கண்ணுல படுது. கோயில்ல கண்ண மூடிக்கிட்டு நின்னாலும் பக்கத்துல நிக்கவ இருமலு காய்ஞ்ச இருமலா சளி இருமலான்னு மனசு கேக்கு."

அவளே தொடர்ந்தாள்.

"வீட்டுக்கு வந்தா அந்தக் கண்ண செருப்போட வெளிய விட்டுரணும்னு நெனப்பேன். விட்டுட்டேன் பாத்துக்கிடுங்க. சித்திரையிலருந்து அவுக கொரலு அப்படி இருந்துருக்கு. வேற வீட்டு ஆளா இருந்தா மொத வாரமே சொல்லியிருப்பேன். இங்க சாரலு, கூட்டம்னு நானும் நம்பிட்டேன். அன்னைக்கு மீன் முழுங்கும்போது கழுத்தத் திருப்பி முழுங்குனாக. அப்பத்தான் பாத்தேன்."

அவளுக்கும் பயம் இருக்கும் என்று நான் அதுவரை நினைத்ததில்லை.

"அதுக்கு என்னைய எதுக்கு ஏசாம இருந்த?"

"ஏசுனா அழுக வந்துரும் அத்தே. கொரல ஒரே சீரா வச்சாத்தான் நிக்கும். அப்படித்தான் பழக்கியிருக்காங்க."

கீரையை என் பக்கம் இழுத்து நான் உருவினேன்.

ஜூலை 9, செவ்வாய்

திருநெல்வேலியில் சதை எடுத்தார்கள். முடிவு அடுத்த செவ்வாய்க்கிழமைதானாம்.

ஜூலை 11, வியாழன்

சில நாளைக்கு வாயைத் திறக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். குத்தாலிங்கம் பஸ் விசிலை எடுத்து வைத்துக்கொண்டான். தண்ணீர் வேண்டுமென்றால் ஒரு ஊது, போதும் என்றால் இரண்டு ஊது. "ரைட் போலாமா" என்று நான் கேட்டதற்குச் சிரித்தான். வடிவு டூட்டி முடிந்து வந்ததும், ஊதவும் கூடாது என்று மெல்லச் சொல்லி விசிலை வாங்கி வைத்தாள். மெல்லத்தான் சொன்னாள். பிடுங்கவில்லை.

இப்போது தட்டில் விரலால் தட்டுகிறான். அந்தச் சத்தம் எங்கே இருந்தாலும் எனக்குக் கேட்கிறது.

சாப்பிடும்போது நானும் பார்க்கிறேன். கழுத்தைத் திருப்புகிறான். இதை எத்தனை நாள் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்க்காமல் இருந்தேன்.

பரணில் கிடந்த பழைய பீடித் தட்டை எடுத்து உடைத்து வெந்நீர் அடுப்பில் வைத்தேன். வீணாக இடத்தை அடைத்துக்கொண்டு கிடந்தது. நன்றாக எரிந்தது. புகை கண்ணில் பட்டுக் கண்ணீர் வந்தது.

ஜூலை 14, ஞாயிறு

அம்மனே. அவனுக்குப் பதில் எனக்கு இருந்திருக்கலாம். நான் தயாராகத்தான் இருந்தேன்.

ஜூலை 16, செவ்வாய், காலை

நாளைக்கு ஆடி பிறக்கிறது. ஆனி முடியும் முன்னே முடிவு வருவது நல்லது என்று நானே சொல்லிக்கொள்கிறேன்.

இருவரும் திருநெல்வேலிக்குக் கிளம்பினார்கள். கிளம்பும் முன் காலில் விழுந்தார்கள். அவன் விழுந்தான், திருநீறு பூசினேன். பிறகு வடிவு குனிந்தாள். நான் காலை வாகாக நீட்டிக்கூட வைத்தேன். இரண்டு பாதத்தையும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு எழுந்தாள். அழுத்தவில்லை. கல்யாணத்து அன்று நான் ஆசைப்பட்டேனே, அதே மாதிரி, பணிவாக, எல்லா மருமகளும் தொடுகிற மாதிரி.

வைத்த காலை எடுக்காமல், அவர்கள் தெருமுனை திரும்பும் வரை நின்றேன்.

அதே நாள், சாயங்காலம்

போனில் சொல்ல வேண்டாம், நேரில் வந்து சொல் என்று சொல்லியிருந்தேன். போனில் அவள் குரலைக் கேட்கத் தைரியம் இல்லை. முதல் வார்த்தையிலேயே எனக்குத் தெரிந்துவிடும். "சாப்பிட்டீங்களா அத்தே" என்று கேட்டால் என் பிள்ளை போய்விட்டான் என்று அர்த்தம்.

பகல் முழுக்க அடுப்பு பற்ற வைக்கவில்லை. பழைய சோறும் நார்த்தங்காயும்தான். பாட்டிலை மூடாமல் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு நடையில் உட்கார்ந்திருந்தேன்.

பஸ் சத்தம் கேட்டது. தெருவில் இரண்டு பேர் நடை. அவன் பின்னால், அவள் முன்னால். வடிவு படியேறினாள், செருப்பை விட்டாள், பையை வைத்தாள். ஒன்றும் பேசவில்லை. என் முன்னால் வந்து அப்படியே உட்கார்ந்து, என் காலைப் பிடித்து, கட்டைவிரலால் கணுக்காலுக்கு மேலே அழுத்தினாள். பலமாக. வலித்தது. விரலை எடுத்துக் குழியைப் பார்த்தாள். பிறகு பாட்டிலைப் பார்த்தாள்.

"எத்தன துண்டு தின்னீங்க?"

நான் பாட்டிலை மடிக்கு இழுத்துக்கொண்டேன்.

"காலு மெத்தை மாதிரி வீங்கிக் கெடக்கு! ஒரு நாளு, ஒரே ஒரு நாளு வீட்டுல விட்டுட்டுப் போக முடியுதா? உப்புப் பாட்டில மடியில வச்சுக்கிட்டு உக்காந்துருக்கதப் பாரு! மாத்திரை போட்டீங்களா இல்லையா? போடல! மூஞ்சியிலேயே தெரியுது! ஒங்களயும் பாத்து, ஒங்க பிள்ளையயும் பாத்து, நான் என்ன மனுஷியா மிஷினா?"

தெருவே எட்டிப் பார்த்தது. எதிர்வீட்டுக்காரி வாசலுக்கே வந்துவிட்டாள். ஏசிக்கொண்டே அவள் அழுதாள், அழுதுகொண்டே ஏசினாள். குரல் சீராக இல்லை, மேலேயும் கீழேயும் போனது.

குத்தாலிங்கம் என் பக்கத்தில், இடது பக்கத்தில், உட்கார்ந்தான். காற்றுக் குரலில் சொன்னான்: "புத்துதாம்மா. ஆனா ஆரம்பமாம். எங்கயும் பரவலையாம். ஆபரேஷன் வேண்டாம், கரண்டு வச்சாலே சரியாயிரும்ங்காங்க. கொரலும் வந்துருமாம்."

"நீங்க பேசாதீங்க!" என்று அவனையும் ஒரு அதட்டு அதட்டினாள்.

அவள் ஏசினதை ஒரு வார்த்தை விடாமல் மேலே எழுதியிருக்கிறேன். எல்லார் முன்னாலும் என் காலை அழுத்திப் பார்த்திருக்கிறாள், இது இரண்டாவது தடவை. மறக்க மாட்டேன். காலைக் குனிந்து பார்த்தேன். குழி மெதுவாகத்தான் நிரம்புகிறது.

நானும் விடக் கூடாது என்று, "உங்க அம்மை வீட்டுல..." என்று ஆரம்பித்தேன். அதற்கு மேல் வரவில்லை. நாளைக்குச் சொல்வேன்.